அரைப் பங்கு

கரைவலை இழுக்கும்போது கயிற்றின் கடைசியில் வயசாளிகள்தான் உட்காருவார்கள். கற்பிட்டிக் கரையில் என் சின்ன வயதில் அதுதான் முறை. தோணி ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் அரைவட்டமாகப் போய் வலையை வளைத்துப் போடும். மற்றக் கயிறு தள்ளி வேறோர் இடத்தில் கரையேறும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அம்பாப் பாட்டோடு இழுக்க, கயிறு ஈரமும் மணலுமாக மேலே வரும். வந்ததைக் குவியலாகப் போட்டுவிட்டுப் போக முடியாது. மறுநாள் அதே கயிறு தோணியிலிருந்து சிக்கில்லாமல் கடலுக்குள் ஓட வேண்டும்.

எங்கள் மூத்தாப்பா செய்தது அந்த வேலை. மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, வலது கையால் கயிற்றை வாங்கி, இடது கையால் மணலை உருவிவிட்டு, வட்டம் வட்டமாக அடுக்குவார். தும்புக்கயிறு நனைந்தால் நல்ல பாரம். உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போய் இருக்கும். கண் சரியாகத் தெரியாத காலத்திலும் விரல் தெரிந்து அடுக்கியது. ஒரு வட்டம் பிசகினாலும் சிக்கு விழும். ஓடுகிற கயிற்றில் சிக்கு விழுந்தால் அது தோணியில் நிற்பவனின் காலைச் சுற்றிக்கொள்ளும். தண்டு வலிக்கிற இளந்தாரிகளின் உயிர், எழும்பி நிற்கவே முடியாத கிழவர்களின் கையில் இருந்தது.

மடி கரையேறி, மீன் விற்று, செலவு கழித்த பிறகு வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் ஆட்களுக்குமாகப் பிரிப்பார்கள். இழுத்தவருக்கு ஒரு பங்கு என்றால் சுருட்டியவருக்கு அரைப் பங்கு. கறிக்கென்று ஒரு கோப்பை சாளையோ சூடையோ சேர்த்துக் கிடைக்கும். மூத்தாப்பா அதைக் கொண்டுவந்து உம்மாவிடம் கொடுக்கும்போது, “இந்தாங்க மகள், என்ட பங்கு” என்பார். வீட்டில் அவருக்குச் சோறு வைத்ததை யாரும் பராமரிப்பு என்று நினைக்கவில்லை. அவரும் நினைக்கவில்லை. கிழவிகளுக்கும் கரையில் வேலை இருந்தது. நெத்தலி காயப்போடுவது, காகம் விரட்டுவது, வெயில் சாயும் முன் அள்ளிக் கட்டுவது. அவர்களுக்குப் பங்கு என்று பெயர் சொல்லி எதுவும் கொடுக்கப்படவில்லை. மீனாகவோ கருவாடாகவோ கொஞ்சம் கிடைத்தது. அது நியாயமில்லாத முறை என்று எனக்கு அன்றே பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணில் பூ விழுந்தால் வயசுக்கோளாறு என்று விட்டுவிட்டார்கள். இன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் வெட்டி எடுக்கிற அதே கட்ராக்டுதான். விழுந்து இடுப்பு முறிந்தவர் மறுபடி எழும்பியதை நான் பார்த்ததில்லை. பிள்ளை இல்லாத விதவைகளின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்காக ஊர் வைத்திருந்த ஏற்பாடு பள்ளிவாசல். நோன்பு மாதத்தில் கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு முதலில் எந்த வீட்டுக்குப் போக வேண்டும், இரண்டாவது எந்த வீட்டுக்கு என்பது சிறுவர்களான எங்களுக்கு மனப்பாடம். மோதினார் கேட்பார்: “கஞ்சி குடிச்சிட்டாவா, பேசினாவா, என்ன சொன்னா?” நாங்கள் சொன்ன பதிலை வைத்துத்தான் யாருக்குச் சுகமில்லை என்று ஊர் அறிந்துகொண்டது. மற்றப் பதினொரு மாதமும் யார் கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பிறகு 1990 வந்தது. ஒக்டோபர் மாதத்தின் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்தார்கள். மன்னாரிலிருந்து வந்தவர்களில் பலர் படகிலேயே கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். நடக்க முடியாதவர்களைக் கதிரையோடு தூக்கி இறக்கினார்கள். பள்ளிக்கூடம், பள்ளிவாசல், தென்னந்தோட்டம் எல்லாம் நிரம்பின. எங்கள் வீட்டுக்கு மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு வயசான தாயும் அவருடைய மருமகளும் பிள்ளைகளும் வந்தார்கள். அந்தத் தாய் வந்து கொஞ்ச நாளிலேயே உம்மாவைக் கூப்பிட்டு, “சும்மா இருந்து சாப்பிட ஏலாது மகள். ஏதாவது வேலை தாங்க” என்றார். உம்மா அவருக்கு ஓலை கொண்டுவந்து கொடுத்தார். அவர் பாய் இழைக்கத் தொடங்கியதும் அடுத்த வீட்டுப் பெண்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரில் சிலருக்கு இன்றும் அந்த மன்னார்ப் பின்னல் கைவரும்.

அந்த வருடத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதற்கு வேறு காரணமும் உண்டு. ஒக்டோபர் முதலாம் திகதியைச் சர்வதேச முதியோர் தினமாக ஐ.நா. பொதுச் சபை தீர்மானித்தது 1990 டிசம்பர் 14இல். கிழவிகள் கதிரையோடு எங்கள் கரையில் இறங்கி ஏழு கிழமைகூட ஆகவில்லை. மீனவர் ஓய்வூதியத் திட்டத்துக்கான இலங்கைச் சட்டமும் அதே 1990ஆம் ஆண்டுச் சட்டம்தான், 23ஆம் இலக்கம். சந்தா கட்டியவருக்குத்தான் அது. ஏற்கனவே கிழவராகிவிட்ட, வலையும் தோணியும் மன்னாரில் போன ஒருவருக்கு அதில் இடமில்லை. முதியோருக்காக உலகமும் அரசும் இவற்றை எழுதிய வருடத்தில், எழுதத் தெரியாத எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு அடுப்பில் இரண்டு குடும்பத்துக்குச் சமைத்தார்கள். பிந்திய வருடங்களில் காணிக்கும் கூலிக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் வந்தவர், இருந்தவர் என்று மனக்கசப்பு வந்தது உண்மை. அதனால் அந்த முதல் மாதங்களின் பெறுமதி குறையாது.

இப்போது எழுத்தில் எல்லாம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெற்றோரைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது என்கிறது அது; கைவிடப்பட்டவர் பராமரிப்புச் செலவு கேட்டு முறையிடுவதற்கு ஒரு சபையும் உண்டு. 60 வயதில் முதியோர் அடையாள அட்டை. 70 தாண்டிய வறியவருக்கு மாத உதவி. பல வருடம் அது 2000 ரூபாவாக இருந்தது. கிராம சேவகர் பிரிவு மட்டத்தில் முதியோர் சங்கம். இவ்வளவும் தேவை, இன்னும் கூடத் தேவை. 1981 கணக்கெடுப்பில் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு 6.6 பேர், 2012இல் 12.4 பேர். இன்றைய வயசாளிகள் தங்கள் பெற்றோர் வாழ்ந்ததைவிட நீளமாக வாழ்கிறார்கள், பிள்ளைகள் குறைவு, அந்தப் பிள்ளைகளும் கட்டாரில். எங்கள் புத்தளம் மாவட்டத்தின் தெற்கு முனையில் வென்னப்புவவுக்குப் போய்ப் பாருங்கள்: இத்தாலிக் காசில் கட்டிய இரண்டு தட்டு வீடு, கீழ்த்தட்டில் ஒரு கிழவரும் ஒரு நாயும்.

கரையில் இப்போது உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கயிற்றை இழுக்கிறது. அதை அனுமதிக்கச் சொல்லிச் சம்மாட்டிமார் அரசாங்கத்தோடு வருடக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். இழுக்க ஆள் கிடைக்கவில்லை என்பது அவர்கள் பக்கத்து நியாயம். நைலோன் கயிறு வின்ச்சில் தானாகவே சுற்றிக்கொள்கிறது. முதுகு வலிக்க யாரும் மணலில் உட்கார வேண்டியதில்லை. அந்த நோவு போனது நல்லது. நோவோடு பங்கும் போய்விட்டது. மூத்தாப்பாவின் வயதில் இருக்கும் ஒருவர் இன்று வீட்டு முன்விறாந்தையில் இருக்கிறார். மருந்து இருக்கிறது, மகன் ஒவ்வொரு வெள்ளியும் வட்ஸ்அப்பில் முகம் காட்டுகிறான், காசு தவறாமல் வருகிறது. ஆனால் நாள் முழுக்க அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் முதுமையின் மிகப் பெரிய வறுமை இதுதான் என்று நான் நம்புகிறேன். மாதக் கொடுப்பனவால் இது தீராது.

யாரும் எதுவும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. கற்பிட்டியிலிருந்து புத்தளம் ஆஸ்பத்திரிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல். கிளினிக் நாளில் விடியற்காலை பஸ்ஸில் நின்றுகொண்டு போக வயசாளிகளால் ஏலாது. எங்கள் ஜமாஅத்தும் முதியோர் சங்கமும் சேர்ந்து கிளினிக் கொப்பிகளில் உள்ள திகதிகளை ஒன்றாக எழுதியெடுத்து, ஒரே நாளுக்கு வருபவர்களை ஒரே வேனில் அனுப்புகிறோம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் டீசலுக்குக் காசு போடுகிறார்கள். ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் மருந்து உறைகளில் ‘காலை’, ‘இரவு’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரு பிள்ளை எழுத்துத் தெரியாதவர்களுக்காகச் சூரியனும் பிறையும் வரைந்தாள். இப்போது எல்லோரும் அதையே கேட்கிறார்கள். வேனில் மன்னார்த் தாய்மாரும் ஏறுகிறார்கள். யுத்தம் முடிந்தபின் இளையவர்கள் பலர் காணி துப்புரவாக்க ஊர் திரும்பிவிட்டார்கள். கிளினிக் புத்தளத்தில் இருப்பதால் வயசானவர்கள் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

ஆனால் சங்கத்துக் கூட்டங்கள் எனக்குப் போதவில்லை. ஒக்டோபர் முதலாம் திகதி மாலை போட்டு, பொதி கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்புவதோடு வேலை முடிந்துவிடுகிறது. முந்திய ஒரு கூட்டத்தில் பழைய மன்றாடி ஒருவர் எழும்பி வேறு கதை சொன்னார். கடலின் நிறம் பார்த்தே மீன் திரள் சொல்லுகிற மனுஷன். வலை அடியில் எதிலாவது மாட்டினால் கையால் இழுப்பவனுக்குக் கயிற்றிலேயே தெரியும், வின்ச்சுக்குத் தெரியாது, அது கிழித்துக்கொண்டு வரும் என்றார். “மிதப்பு எந்தப் பக்கம் சாயுது எண்டு பார்க்க ஒரு ஆள் வேணும் தம்பி. நாங்க சும்மாதானே இருக்கிறம்.” கூட்டத்தில் இருந்த ஒரு சம்மாட்டி அடுத்த நாளே அவரை அழைத்துப்போய்க் கரையில் கதிரை போட்டு உட்காரவைத்தார். அவர் கையைத் தூக்கினால் வின்ச் நிற்கிறது. அந்தச் சம்மாட்டியின் வலை இந்தப் பருவத்தில் குறைவாகத்தான் கிழிந்திருக்கிறது.

அதை வைத்துச் சங்கத்தின் செயலாளர், ஓய்வு பெற்ற ஆசிரியை, போன கூட்டத்துக்கு ஒரு யோசனையை எழுத்தில் கொண்டுவந்தார். ஒவ்வொரு வலைக்கும் ஒரு வயசாளியைக் காவலுக்கு வைப்பது. கிழிந்த வலைகளைப் பள்ளிவாசல் மண்டபத்து விறாந்தையில் வயசாளிகள் பொத்திக் கொடுப்பது. இரண்டுக்கும் பங்கு கணக்கிட்டுக் கொடுப்பது. ஒரு சம்மாட்டி ஒத்துக்கொண்டார். இன்னொருவர் பங்கு வேண்டாம், நாட்கூலி தருகிறேன் என்றார். மன்றாடி அதற்குச் சம்மதிக்கவில்லை. மூன்றாமவர் கட்டாரில் இருக்கும் தம்பியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். வாக்குவாதம் அசர் வரை போனது. முடியும் தறுவாயில் பின்வரிசையில் இருந்த ஒரு தாய், கருவாடு காயப்போட்டவர்களுக்கு அந்தக் காலத்திலேயே பங்கு இல்லை, இந்த முறையாவது அதையும் கொப்பியில் எழுதுங்கள் என்றார். ஆசிரியை எழுதினார். வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம் அந்த வரியிலிருந்து தொடங்கும்.