உம்மாவும் ஒன்பது பட்டனும்

திருகோணமலையில் லாஞ்சி ஏறியதும் 'நானா, துறைக்கு வாங்க' என்று பழைய பட்டன் போனில் ஆங்கில எழுத்தில் தட்டிப் பாருங்கள். நானாவுக்கும் மாமாவுக்கும் அழுத்தும் பட்டன்கள் ஒன்றே: 6262. மூத்த சகோதரன் மூதூர்க் கரை சேர்வதற்குள் மாமாவாகிவிடுவார். அம்மாவா அண்ணாவா? இரண்டும் 2662. போனிலுள்ள டீ9 சொல்லை ஊகித்துக்கொள்ளும், ஆனால் அதன் அகராதி ஆங்கிலம், மூதூர்ச் சொந்தபந்தம் அதற்கென்ன தெரியும்? உம்மா 8662. ஆங்கிலத்தில் கல்லறைக்கும் (tomb) அதுவே. அல்லாஹ் காப்பாற்றணும்!

சரி, தமிழிலேயே எழுதலாமென்றால் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்து 70 ஆகச் சுருங்கும். 'மூதூர்' கண்ணுக்கு மூன்றெழுத்து, போனின் கணக்கில் ஆறு. ரீலோட் காசை எண்ணுகிறவனுக்கு மிஸ்ட் கோலே மேல்: ஒருதரம் அடித்தால் ஏறியாச்சு, இரண்டுதரம் என்றால் இறங்கியாச்சு.