காலுள்ள அகப்பை

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்காவில் கரண்டிக்குக்கூட விருது உண்டாமே?

பதில்: கரண்டிக்கு இல்லை ஐயா, அதைப் பிடிக்கும் கைக்கு! லைபீரியாவிலும் ஐவரி கோஸ்ட்டின் மேற்குப் பகுதியிலும் வாழும் டான் மக்களிடம், ஊரில் பகுதிக்கு ஒரு பெண்மணி விருந்தோம்பலில் பேர்போனவராக இருப்பார். ‘வுங்கிர்லே’ என்று பட்டம். பட்டத்துக்கு அடையாளம், ஒரு பெரிய மர அகப்பை. விருந்து நாளில் அதை ஏந்தி அவர் ஆடிக்கொண்டே முன்னால் வர, உதவிக்குப் பெண்கள் சோற்றோடு பின்னால் வருவார்கள். மற்றப் பகுதிகளின் வுங்கிர்லேக்களும் சும்மா இருப்பார்களா? அவரவர் அகப்பையோடு களமிறங்குவார்கள். யார் அதிகம் வாரிக் கொடுத்தார் என்பதுதான் போட்டி. பணமுடிப்பு கிடையாது. வயலில் பாடுபட்டு நெல் சேர்ப்பதும் அவரே, வழிப்போக்கனுக்குச் சோறு போடுவதும் அவரே. வாங்கியவருக்கே செலவு வைக்கும் விருது உலகத்தில் வேறு உண்டா?

கேள்வி: அவ்வளவு பெரிய கரண்டியைத் தூக்கினால் கை வலிக்காதா?

பதில்: மறுநாள் பாத்திரம் துலக்கும்போது வலிக்கும்.

கேள்வி: கைப்பிடியில் இரண்டு கால்களைச் செதுக்கியிருக்கிறார்களே, கரண்டி எங்கே ஓடப்போகிறது?

பதில்: விருந்தாளியைத் தேடித்தான்! குழிவான பகுதி வயிறு, கீழே வளைந்த முழங்காலும் கெண்டைக்காலும். சிலவற்றில் காலுக்குப் பதில் பெண் தலை, சிலவற்றில் கிடாத் தலை. இந்த மாதிரி அகப்பைகளைப் பார்த்து மயங்கிய சுவிஸ் சிற்பி ஜியாகோமெட்டி, 1926-27இல் ‘கரண்டிப் பெண்’ என்று கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு ஒரு சிலை செய்தார். உலகப் புகழ் கிடைத்தது. ஒரு பருக்கை அள்ள முடியாது. நவீனக் கலையைப் பற்றி நான் சொன்னால் மட்டும் கோபித்துக்கொள்கிறீர்கள்.

கேள்வி: பஃபே விருந்து பற்றி?

பதில்: தட்டோடு வரிசையில் நின்று வாங்குவதற்கு ரேஷன் என்று பெயர்.

கேள்வி: டான் ஆண்களுக்கு ஒன்றுமில்லையா?

பதில்: முகமூடி இருக்கிறது. முகத்தை மூடிக்கொண்டு ஆடிவிடலாம். முகம் மலர ஊருக்கே பரிமாறிப் பாரும்!

கேள்வி: அகப்பை ஏந்தும் அந்தப் பெண்மணிக்கு வயதாகிவிட்டால்?

பதில்: நல்ல கேள்வி, விளையாட்டாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை. தமக்குப் பின் யார் என்பதை அவரே தேர்ந்தெடுத்து அகப்பையைக் கொடுத்துவிடுவார். அதற்குள் ஒரு சக்தி உறைவதாகவும், அதுவே தமக்குத் துணை நிற்பதாகவும் நம்பிக்கை. ஆகவே கொடுப்பது மரத்தை மட்டுமல்ல, பொறுப்பையும். இப்படிப்பட்ட அகப்பைகள் சில நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பட்டினியாகத்தான்.

கேள்வி: உங்கள் வீட்டுக்கு வந்தால் சோறு உண்டா?

பதில்: முகவரி கேட்காதவர்களுக்கு நிச்சயம் உண்டு.