செமினார் மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

பொறியியல் கல்லூரிகளின் செமினார் மதிப்பீட்டுக் குழுவினர் அவர்களுக்கு,

செயற்கை நுண்ணறிவு பற்றிய ஆய்வுப் பேப்பர் ஒன்றைப் பத்து நிமிடத்தில் வகுப்பில் வழங்குவதற்குத் தாங்கள் வகுத்துள்ள விதிகளைப் பாராட்டவே இக்கடிதம். முதல் ஸ்லைடில் கல்லூரி லோகோ, அடுத்து பொருளடக்கம், அறிமுகம், லிட்டரேச்சர் சர்வே, கட்டமைப்புப் படம், ரிசல்ட், எதிர்காலப் பணி, தேங்க் யூ. கல்யாணப் பத்திரிகை மாதிரி எது எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்துவைத்துவிடலாம். இந்த ஏற்பாட்டில் பேப்பரைப் படித்தாக வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லையே என்று சிலர் குறைப்படுகிறார்கள். அதுதான் இதன் பெருமை என்பது என் வாதம். பேப்பரைப் படித்தால் கேள்வி பிறக்கும். கேள்வி பிறந்தால் அட்டவணை குலையும். தங்கள் விதிகள் இந்த ஆபத்தை முளையிலேயே கிள்ளிவிடுகின்றன.

ஆபத்து கற்பனையல்ல. 2012இல் வந்த அலெக்ஸ்நெட் பேப்பரை எடுத்துக்கொள்வோம். படத்தில் இருப்பது என்னவென்று கணினி அடையாளம் காணும் இமேஜ்நெட் போட்டியில் அதன் பிழை 15.3 சதவீதம், இரண்டாம் இடத்துக்கு 26.2. இந்த இரண்டு எண்களும் ரிசல்ட் ஸ்லைடில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். கட்டமைப்புப் படம் அப்படியல்ல. மூலப் பேப்பரிலேயே அதன் மேல்விளிம்பு வெட்டுப்பட்டிருக்கிறது. வெட்டுப்பட்டபடியே ஸ்லைடுக்கும் வந்துசேர்கிறது. யாராவது அதை உற்றுப் பார்த்துவிட்டால், வலைப்பின்னல் ஏன் மேலும் கீழுமாக இரண்டு தடமாகப் பிரிந்து ஓடுகிறது என்று கேட்கத் தோன்றும். பதில் பேப்பருக்குள்ளேயே இருக்கிறது: கையிலிருந்த ஜிடிஎக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டில் நினைவகம் 3 ஜிபிதான். ஒன்றில் கொள்ளாததால் இரண்டில் பிரித்துப் போட்டார்கள். ஆக, மேதைமை போலத் தெரிவதில் பாதி இடநெருக்கடி. இது தெரிந்த மாணவர் அடுத்த பேப்பரிலும் எது யோசனை, எது நெருக்கடி என்று பிரித்துப் பார்க்கத் தொடங்குவார். அதற்குத் தங்கள் மதிப்பெண் பட்டியலான ரூப்ரிக்கில் இடம் எங்கே?

2015இல் வந்த ரெஸ்நெட் இன்னும் மோசம். 152 அடுக்கு, 3.57 சதவீதப் பிழை என்று சொல்லிவிட்டுக் கடந்தால் யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் முதல் பக்கத்திலேயே சின்னதாக ஒரு வரைபடம் வைத்திருக்கிறார்கள். 56 அடுக்கு வலைப்பின்னல் 20 அடுக்கு வலைப்பின்னலைவிட அதிகமாகத் தவறு செய்கிறது. பார்க்காத படங்களில் மட்டும் தவறியிருந்தால், மனப்பாடம் செய்து மாட்டிக்கொண்டது என்று சமாதானம் சொல்லலாம். பயிற்சிக்குக் கொடுத்த படங்களிலேயே தவறுகிறது. முதல் 20 அடுக்கையும் அப்படியே நகலெடுத்து, மீதி 36 அடுக்கு வந்ததை வந்தபடியே கடத்திவிட்டால்கூட, சின்னதற்குச் சமமாகவாவது இருந்திருக்க வேண்டும். அந்த எளிய வேலையைக்கூட அதனால் ஏன் கற்றுக்கொள்ள முடியவில்லை? வந்ததை வந்தபடியே தாண்டவிடும் குறுக்குவழி, பேப்பரின் புகழ்பெற்ற அந்த யோசனை, இந்தக் கேள்விக்குப் பதில். ஒரே படத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடமும் பேசலாம். பேசிவிட்டால் லிட்டரேச்சர் சர்வேயின் கதி என்ன?

ஆடம் என்னும் பயிற்சி முறையைப் பற்றிச் சொல்லவே அச்சமாக இருக்கிறது. அதன் பேப்பரில் இருந்த நிரூபணத்தில் ஓட்டை இருப்பதை 2018இல் மூவர் காட்டினார்கள். ஐசிஎல்ஆர் மாநாடு அவர்களுக்குச் சிறந்த பேப்பர் விருதும் கொடுத்தது. அச்சில் வந்த நிரூபணமும் தவறலாம் என்பது இறுதியாண்டு மாணவருக்குத் தேவையில்லாத செய்தி.

தங்கள் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பத்து நிமிடம் போதாது என்கிறார்கள். இதைத் தாங்கள் மறுக்கவே வேண்டாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய போட்டியில், முனைவர் பட்ட ஆய்வு முழுவதையும் மூன்றே நிமிடத்தில், ஒரே ஸ்லைடில் சொல்கிறார்கள். இது வெளியே தெரிந்தால் குறை நேரத்தில் இல்லை, விதியில் இருக்கிறது என்றாகிவிடும். சாட்ஜிபிடி வந்து மாணவர்களைக் கெடுத்துவிட்டது என்ற புகாரும் அநியாயம். பேப்பரின் சுருக்கத்தைத் தாண்டி எதையும் கேட்காத பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. அந்த இயந்திரம் பாவம், கேட்டதைக் கொடுக்கிறது. ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்ற விதியையும் கைவிட்டுவிடாதீர்கள். அந்த 56 அடுக்குப் படத்தைத் தமிழில் விளக்கச் சொன்னால், யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பது இரண்டே வாக்கியத்தில் வெளிப்பட்டுவிடும்.

ஒரு சங்கடம் மட்டும் நிஜமானது, அதில் பகடிக்கு இடமில்லை. வகுப்பில் 60 பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் பத்து மணி நேரம். புதியவர் ஒரு பேப்பரைத் துருவிப் படிக்க நான்கைந்து மணி நேரம் பிடிக்கும் என்று கணினி விஞ்ஞானி எஸ். கேசவ், பேப்பர் படிப்பது எப்படி என்று 2007இல் எழுதிய கட்டுரையில் சொல்லியிருக்கிறார். அனுபவசாலிக்கு ஒரு மணி நேரம் போதுமாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், வகுப்பும் இன்டர்னல் மார்க்கும் நாக் தரமதிப்பீட்டுக் கோப்பும் சுமக்கும் ஆசிரியர் 60 பேப்பரைப் படிக்க முடியாது. அலெக் ஜேக்கப்சன், காலின் ராஃபெல் என்ற இரு பேராசிரியர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பேப்பர். ஒருவர் விமர்சகர், ஒருவர் அதன் முன்னோரையும் வாரிசையும் தேடும் தொல்லியலாளர், ஒருவர் அதில் ஒரு சிறு பகுதியை நிரலாக எழுதி ஓட்டிப் பார்ப்பவர் என்று வேடம் பிரித்துக்கொள்கிறார்கள். ஆறு பேருக்கு ஒன்று என்று பிரித்தால் 60 பேருக்குப் பத்தே பேப்பர். அதே பத்து மணி நேரத்தில் ஒவ்வொன்றுக்கும் முழுதாக ஒரு மணி. ஆசிரியரும் பத்தைப் படித்துவிடலாம். இந்தக் கணக்கு அடுத்த துறைக் கூட்டத்தில் யார் வாயிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விண்ணப்பம். கேள்விகளுக்கு இரண்டு நிமிடம் என்று ரூப்ரிக்கின் அடியில் இன்னும் ஒரு வரி இருக்கிறது. நடைமுறையில் அந்த நேரம் அடுத்தவர் பென்டிரைவைச் செருகுவதற்குத்தான் போகிறது என்றாலும், எழுத்தில் இருப்பது எழுத்தில் இருப்பதுதான். என்றாவது ஒருநாள் பின்வரிசையிலிருந்து யாராவது அதைப் பயன்படுத்திவிடக்கூடும். அடுத்த சுற்றறிக்கையில் அந்த வரியை நீக்கிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நலம்விரும்பி