ஃபண்டிங் வரப்போகிறவர்

ஃபண்டிங் வரப்போகிறவர் என்பவர் முப்பது வயதுக்குள் இருக்கும் பொறியாளர். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம், அப்பாவின் லேத் பட்டறையில் ஒரு மூலைதான் அவருடைய தலைமை அலுவலகம். பழைய இரும்பை உருக்கும் இண்டக்‌ஷன் உலை எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று செல்போனில் காட்டும் கருவி ஒன்று செய்திருக்கிறார். கருவி நன்றாகவே வேலை செய்கிறது. அவருக்குத்தான் அதைச் செய்ய நேரமில்லை. கம்பெனியில் இரண்டே பேர், இருவரும் நிறுவனர்கள்.

அவர் தேடும் பணம் வரும் வழி 2005-இல் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் போட்டது. கன்றுக்குட்டிக் கம்பெனிகளைக் கூட்டமாகச் சேர்த்து, சில மாதம் பழக்கி, சிறு தொகை தந்து, பங்கு எடுத்துக்கொண்டு, கடைசியில் ‘டெமோ டே’ அன்று முதலீட்டாளர்கள் முன் நிறுத்துவார்கள். மாட்டுச்சந்தை பார்த்தவர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டாம். அங்கே பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், இங்கே எக்செல் ஷீட்டை.

நம்மூரில் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டம் 10 லட்சம் ரூபாய் தந்து 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் முழுக் கம்பெனியின் மதிப்பு 3 கோடியே 33 லட்சம். இந்தக் கணக்கைப் போட்ட இரவு அவர் தூங்குவதில்லை. அப்பாவின் கேள்வி வேறு.

“வட்டி எவ்வளவுப்பா?”

“வட்டியே கிடையாதுப்பா. பங்குதான்.”

“வட்டிக்காரனாவது கடன் தீர்ந்தா போயிடுவான். இவங்க எப்போ போவாங்க?”

இதற்குப் பதில் ஸ்லைடில் இல்லை.

முதலீட்டாளர்கள் முன் பேசத் தரமணி போக வேண்டும். மூர் மார்க்கெட் வரை புறநகர் ரயில். பூங்கா நகரிலிருந்து பறக்கும் ரயிலில் தரமணி. வழியெல்லாம் மூன்று நிமிடப் பேச்சை முணுமுணுத்துக்கொண்டே போவார். பொன்னேரியில் ஏறும் பூக்காரம்மா ஜெபம் என்று நினைத்துச் சற்றுத் தள்ளி உட்காருவார். மாதச் செலவு இப்போது ‘பர்ன்’, கையிருப்பு தாங்கும் மாதங்கள் ‘ரன்வே’. அம்மாவுக்கு மட்டும் தமிழில் விளக்க வேண்டியிருக்கும். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்களே, அதுதான் பர்ன் என்றதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

இதற்கிடையே உலை முதலாளி ஒருவர் முழுப் பணத்தையும் முன்பணமாகத் தந்து இரண்டு கருவி கேட்கிறார். பங்கு கேட்காத ஒரே பணம் அது. டெமோ டே முடியட்டும் என்று அவரிடம் சொல்லப்படுகிறது. செய்த இரண்டில் ஒன்று ஏற்கெனவே ஓர் உலையில் மாட்டியாகிவிட்டது. இன்னொன்று தரமணியில் காட்டுவதற்காகப் போயிருக்கிறது.