மைதாப் பசை

ஓவியக் கல்லூரி நாட்களில் சாயம் வாங்கக் கையில் காசிருக்காது. சிவப்புக் குழாய் தீர்ந்தால், வீட்டிலிருந்து மணியார்டர் வரும்வரை என் படங்களில் சிவப்பு கிடையாது. அதனால்தான் காகிதம் ஒட்டத் தொடங்கினேன்.

டீக்கடையில் காலித் தீப்பெட்டிகளைக் கேட்டு வாங்குவேன். மெல்லிய மரச்சில்லில் செய்த பெட்டிகள். சிவகாசியில் அச்சான லேபிள் தனியாக ஒட்டியிருக்கும். தண்ணீரில் ஊறப்போட்டால் லேபிள் கழன்று மிதக்கும். அதைக் கண்ணாடிமேல் விரித்துக் காயவைத்தால் புலியின் ஆரஞ்சும் கிளியின் பச்சையும் கைக்கு வந்துவிடும். பஸ் டிக்கெட்டுகளிலும் கட்டணத்துக்கு ஒரு நிறம். மைதாவோடு துளி மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சினால் பூச்சி அண்டாத பசை.

“இது சின்னப் பசங்க வேலைடா” என்றார் ஆசிரியர் ஒருவர். பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை பிக்காசோ 1912-லேயே ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக வைத்துவிட்டார். அதைச் சொல்ல அன்று எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது சொந்த ஸ்டுடியோ இருக்கிறது. அலமாரி நிறைய அக்ரிலிக் குழாய்கள். காகிதம்தான் கிடைக்கவில்லை. தீப்பெட்டி அட்டையாகிவிட்டது, படமும் அதிலேயே அச்சாகிறது. மெஷின் டிக்கெட்டைப் பத்திரப்படுத்தினால் ஒரு கோடைக்குள் எழுத்து மறைந்து வெறும் தாளாகிவிடுகிறது. “லேபிளா சார்? அதெல்லாம் இப்ப ஏது?” என்கிறார் பழைய பேப்பர் கடைக்காரர்.

ஆனாலும் தினமும் கேன்வாஸைத் தொடுமுன் ஒரு மணி நேரம் கிடைத்த காகிதத்தை வெட்டிவைத்து விளையாடுகிறேன். 1941-இல் நடந்த பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் கத்தரிக்கோலை எடுத்தார். அவர் வெட்டிய துண்டுகளை உதவியாளர்கள் சுவரில் குண்டூசியால் குத்துவார்கள், அவர் சொல்லச் சொல்ல நகர்த்துவார்கள். சாந்திநிகேதன் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி பார்வை முழுதும் போன பிறகும் வண்ணத்தாள் வெட்டி ஒட்டினார். மத்தீஸிடம் நான் கற்றது, அவசரப்பட்டு ஒட்டக் கூடாது என்பதை. தீட்டிய வண்ணத்தை மாற்றச் சுரண்டத்தான் வேண்டும். துண்டை விரலால் தள்ளினால் போதும். ஒரு மாதமாக நகராமல் நின்ற என் படம் ஒன்று, போன வாரம் கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் துண்டு தவறி விழுந்த இடத்தில் வழிவிட்டது.

உங்கள் பரணில் பழைய லேபிளோ டிக்கெட்டோ பத்திரிகையோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் கத்தரிக்கோலோடு கொடுங்கள். பசையை மட்டும் ஒரு நாள் கழித்துக் கொடுங்கள்.