சிஸ்டத்தோட பைத்தான்

2014. கோயம்புத்தூரில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் எனக்கு இரண்டாவது வருஷம். வாடிக்கையாளர் ஒருவரின் பில்லிங் சர்வரில் சென்ட்ஓஎஸ் 6 ஓடிக்கொண்டிருந்தது. அதோடு வந்தது பைத்தான் 2.6. அந்த செப்டம்பரில் வெளியான ஜாங்கோ 1.7-க்கோ குறைந்தது 2.7 வேண்டும். அதில் வந்த மைக்ரேஷன் வசதிக்காக நாங்கள் காத்துக்கிடந்தோம்.

2.7-ஐ சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து ஆப்ட் ஃபோல்டருக்குள் வைத்தேன். முடிந்த பிறகு பார்த்தால் இசட்லிப் சேரவில்லை, எஸ்எஸ்எல் சேரவில்லை. திரையில் ஓடிய ஆயிரக்கணக்கான வரிகளின் வாலில் அதைச் சொல்லியிருக்கிறது. வேண்டிய டெவல் பேக்கேஜ்களை யம் வழியாக இறக்கி, மறுபடி முதலிலிருந்து. இருட்டிவிட்டது. 'பைத்தான்' என்று அடித்தால் இன்னும் 2.6 தான் வந்தது. யூஎஸ்ஆர் பின்னில் இருந்த அந்தப் பழைய ஃபைலை அழித்துவிட்டு, அதே பெயரில் 2.7-க்கு ஒரு லிங்க் போட்டேன். ஜாங்கோ ஓடியது. அடுத்த பேக்கேஜுக்காக யம்மைக் கூப்பிட்டேன். யம் என்ற மாட்யூலே இல்லை என்று யம் சொன்னது.

யம் பைத்தானில் எழுதப்பட்டது. முதல் வரியிலேயே யூஎஸ்ஆர் பின்னில் உள்ள பைத்தானைத்தான் அது தேடும். அதற்கு வேண்டிய மாட்யூல்களெல்லாம் 2.6-க்குள் இருந்தன, வாசலில் நான் 2.7-ஐ நிறுத்தியிருந்தேன். எது பழுதானாலும் எந்தக் கருவியை வைத்துச் சரிசெய்வோமோ, அந்தக் கருவியே படுத்துவிட்டது. காலையில் கடை திறந்ததும் அந்த சர்வரில் பில் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

சீனியர் அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பைத்தான் 2.6-ன்னு நம்பரோட இன்னொரு ஃபைல் அங்கயே இருக்குதுங்களா, பாருங்க."

"இருக்குதுங்கண்ணா."

"லிங்க்க அதுக்குத் திருப்பி விடுங்க. அது சிஸ்டத்தோட பைத்தானுங்க தம்பி, நம்முளுது இல்ல. அதத் தொடவே கூடாது."

ஒரு வரி அடித்தேன். யம் எழுந்துவிட்டது.

மறுநாள் தன் நோட்டைக் காட்டினார். நீல அட்டை போட்ட நீள நோட்டு, சர்வருக்கு ஒரு பக்கம். எதில் எந்த வெர்ஷன், எங்கே வைத்தது என்பதோடு, ஏன் வைத்தது என்றும் எழுதியிருப்பார். ஒரு பக்கத்தில் 'ஆல்ட்இன்ஸ்டால் மட்டும்' என்று சிவப்பு மையில் இரட்டை அடிக்கோடு. அப்படிப் போட்டால் புதிய பைத்தான் தன் நம்பரோடு தனியே நிற்கும், பொதுப்பெயரைப் பிடித்துக்கொள்ளாது. அடுத்த வருஷம் அவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார். ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தோம். சில மாதங்களில் அது பழசாகிவிட்டது. ஒவ்வொரு சர்வராக உள்ளே போய் வெர்ஷன் பார்த்த அந்த நாட்களில்தான் அந்த நோட்டின் அருமை எனக்குப் புரிந்தது.

இப்போது என் டீமில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். அவள் லேப்டாப்பில் உபுண்டு 24.04, அதன் பைத்தான் 3.12. பழைய ப்ராஜெக்ட் ஒன்றை எடுத்து பிப் இன்ஸ்டால் அடித்தாள். பிப் மறுத்துவிட்டது: இது சிஸ்டம் நிர்வகிக்கும் இடம், இங்கே போட முடியாது. டெபியனிலும் 2023-ல் வந்த 12-ஆம் வெர்ஷனிலிருந்து இப்படித்தான். அண்ணன் அன்று போனில் சொன்னதை இன்று பிப்பே சொல்கிறது.

"பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்னு ஒரு ஆப்ஷன் காட்டுதுங்கண்ணா. போட்டரட்டுங்களா?"

"வேண்டாம்மா. அது சிஸ்டத்தோட பைத்தான்."

சொன்ன பிறகுதான் அது யார் வார்த்தை என்று உறைத்தது.

ப்ராஜெக்ட் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் மறைவான ஒரு ஃபைல் இருந்தது, பைத்தான் வெர்ஷன் என்ற பெயரில். உள்ளே ஒரே வரி: 3.8. முன்பு நாங்கள் பைஎன்வி வைத்திருந்தோம். பைத்தான் என்று அடித்தால் அதன் சின்னக் கையாள் ஒன்று முன்னால் வந்து, இந்த ஃபைலைப் படித்து, சரியான பைத்தானிடம் வேலையை ஒப்படைக்கும். இப்போது யூவி. அவள் ஒரு வரி அடித்தாள். அது ஃபைலைப் படித்து, 3.8-ஐ இறக்கி, அந்த ஃபோல்டருக்குள்ளேயே தனிச் சூழல் அமைத்துவிட்டது. 3.12-ன் மேல் ஒரு கீறல் இல்லை. எங்களுக்கு ஒரு ராத்திரி பிடித்த வேலை அது. அந்த ஒற்றை வரி ஃபைல் எனக்கு மிகவும் பிடிக்கும். கோடு எங்கே போனாலும் கிட்டில் கூடவே போகும்.

"ஏங்கண்ணா 3.8? அதுதான் 2024 அக்டோபரோட முடிஞ்சுபோச்சே?"

என்னிடம் பதில் இல்லை. ஃபைலில் நம்பர் இருந்தது, காரணம் இல்லை. கிட் வரலாற்றில் தேடினோம். 'வெர்ஷன் ஃபிக்ஸ்' என்று மட்டும் இருந்தது. அதைப் போட்டவர் இப்போது எங்களோடு இல்லை. 3.12-ல் ஓட்டிப் பார்த்தாள். டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை என்று ஒரு பழைய லைப்ரரி விழுந்தது, 3.12-ல் அதை எடுத்துவிட்டார்கள். அப்படியானால் 3.11 போதுமே என்றாள். டெஸ்ட் எல்லாம் பாஸானது.

ஃபைலில் 3.8-ஐ 3.11 ஆக்கினாள். பிறகு ரீட்மீயைத் திறந்து, எந்த லைப்ரரி, எந்த வரியில் விழுகிறது, அதை எப்போது மாற்றினால் மேலே போகலாம் என்று தமிழும் ஆங்கிலமுமாக நாலு வரி எழுதினாள். நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.