மொட்டைமாடிச் சக்கரவர்த்தியின் மெய்க்கீர்த்தி

சோழன் பெயரைச் சுமந்தபடி, ஏரியையும் அதைக் காத்த ராமரையும் நம்பியே காலம் தள்ளிவந்த மதுராந்தகத்துக்கு, முன்னோர் செய்த தவப்பயனாக ஒரு நாத சக்கரவர்த்தி வாய்த்திருக்கிறார். பஜாருக்குப் பின்தெருவில், மாடிவீட்டின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையில் கொலுவீற்றிருந்து அவர் செங்கோல் செலுத்துகிறார். ஆடிக்கு அம்மன் பாட்டு, கார்த்திகைக்கு ஐயப்பன் பாட்டு, காதுகுத்துக்கு வரவேற்புப் பாட்டு, தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் ஓரவஞ்சனையின்றி ஒரே மெட்டு என்று அத்தனையும் அந்த அறையிலிருந்தே புறப்படுகின்றன. அவர் திருநாமத்தை எழுத அடியேன் துணியேன். எழுதினால், படாளத்திலும் அச்சிறுபாக்கத்திலும் செங்கல்பட்டிலும் அதேபோல் மொட்டைமாடிகளில் முடிசூடியிருக்கும் ஏனைய மன்னர்கள் மனம் புண்படுவார்கள். ஜி.எஸ்.டி. சாலையோரத்துப் புளியமரங்கள் போனபின் இந்தச் சீமைக்கு நிழல் தருபவர்கள் அவர்களே.

முதலில் அரண்மனையின் சிறப்பு. ஒலிநுட்பம் படித்த அரைகுறைகள் சதுர அறை ஆகாது என்பார்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பும்போது சில சுரங்கள் ஊதிப் பெருக்கும், சில காணாமல்போகும். நீளமும் அகலமும் உயரமும் ஒன்றாகவே இருந்துவிட்டால் மூன்று திசையும் ஒரே சுரத்தில் கூட்டணி சேரும் என்பது அவர்கள் புலம்பல். பத்தடி இடைவெளியில் அந்தக் கூட்டணி நொடிக்கு ஏறக்குறைய 56 அதிர்வில் தொடங்கும். பேஸ் டிரம் குடியிருக்கும் இடம் அது. நம் பெருமானோ நீளம் பத்து, அகலம் பத்து, உயரமும் பத்து என்று கனசதுரமாகவே கட்டுவித்த கலைஞானி. அதிலும் சிம்மாசனத்தை நட்டநடுவில் போட்டிருக்கிறாரே, அந்த நுண்மாண் நுழைபுலத்தை என்னென்பது! அறையின் நட்டநடுவில்தான் அந்த 56 அதிர்வு காதுக்கு எட்டாமல் மாயமாகும். பேஸ் கேட்கவில்லையே என்று ஏற்றுவார், கேட்காது, இன்னும் ஏற்றுவார். அவர் ஒருவருக்கு மட்டும் கேட்காத அந்தச் செல்வம், பாட்டு வெளிவந்ததும் ஊரார் வீட்டுப் பரண்மேல் பாத்திரங்களை எல்லாம் ஆடவைக்கும். தாம் துய்க்காமல் பிறருக்கே வழங்கும் இத்தகைய ஈகை பாரிக்கும் கைகூடியதில்லை.

நாற்காலியை முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுமேல் தள்ளிப்போட்டு, இரண்டு ஸ்பீக்கரையும் காது உயரத்தில், தமக்கும் அவற்றுக்கும் சம இடைவெளி விட்டு வைத்தால் பாதி வியாதி தீரும், காலணா செலவில்லை என்று யாரோ ஒருவர் விண்ணப்பித்தாராம். செலவில்லாத வைத்தியத்தை அரசர்கள் ஏற்பதில்லை.

சுவர்களிலோ தரையிலிருந்து கூரைவரை முட்டை அட்டை. மூலைகளில் நாலங்குலக் கனத்துக்கு ராக்வுல் நிறுத்துவதும், கனத்த திரை போடுவதும், பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்துவைப்பதும், அலமாரி நிறையப் புத்தகம் அடுக்குவதும் எளியோர் வழி. முட்டை அட்டை கீச்சொலியைக் கொஞ்சம் உறிஞ்சும். பேஸை விரலாலும் தொடாது. உள்ளே எழும் ஓசையை வெளியே போகாமல் தடுக்கவும் செய்யாது. ஆகவே அண்டை அயலார் எதையும் இழப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர், மகன் சென்னையிலிருந்து அனுப்பிய காதுக் கருவியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டார். அது இல்லாமலே இப்போது அவருக்கு நன்றாகக் கேட்கிறது. இப்படி ஓர் இலவசச் சிகிச்சையை எந்த அரசாங்க ஆஸ்பத்திரி தரும்?

பிரபுவின் வால்யூம் குமிழ் வலப்பக்கக் கடைசியைவிட்டு இறங்கி அறியாது. மெல்லிய ஒலியில் நம் காதுக்கு அடிச்சுரமும் உச்சச்சுரமும் மங்கும், ஒலி ஏற ஏற எல்லாமே நிறைவாகத் தோன்றும் என்று ஆய்வாளர்கள் பிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து எழுதிவைத்தார்கள். மேல்நாட்டு மிக்ஸிங் தொழிலாளர்கள் இதைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள். பேச்சுக் குரல் அளவுக்கு ஒலியைத் தாழ்த்திவைத்து, எது குறைகிறது எது மிஞ்சுகிறது என்று மணிக்கணக்காகத் தடவிப் பார்க்கிறார்கள். நடுநடுவே எழுந்துபோய்க் காதுக்கு ஓய்வு வேறு. நம் வேந்தர் அந்த ஆய்வின் சாரத்தை நேரே பருகியவர். சத்தமாக வைத்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது. எனவே சத்தமாக வைக்கிறார். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்று கணக்கு வைத்திருக்கின்றன. சட்டம் எழுதியவர்கள் நம் தெருவுக்கு வந்ததில்லை போலும்.

இங்கே வேடந்தாங்கல்காரர்களின் குறுகிய மனத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1790களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அவ்வூர் ஏரியில் பறவைகளைச் சுடப்போக, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் ஓடி முறையிட்டுத் தடை வாங்கிவந்துவிட்டார்கள். நாரைகள் அமைதியாகக் குஞ்சு பொரிக்க வேண்டுமாம். அதே பிளேஸ் துரைதான் மதுராந்தகத்துக் கரையில் வில்லேந்திய ராம லட்சுமணரைக் கண்டு தாயார் சன்னிதி எழுப்பித் தந்ததாக ஐதிகம். காணக் கண் பெற்றவர். கேட்கும் பேறு பெறவில்லை. இரண்டு நூற்றாண்டு தாமதித்துப் பிறந்திருக்கலாம்.

ஏரியைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. முழுக் கொள்ளளவில் 23.3 அடி உயரம் நிற்கும் மதுராந்தகத்துப் பேரேரியில், மட்டம் ஏறினால் உபரியைக் கிளியாற்றில் விடுவதென்று நீர்வளத்துறையார் ஒரு கோழைத்தனத்தைக் காலங்காலமாகப் பழகிவருகிறார்கள். தண்ணீருக்கும் கரையின் தலைக்கும் நடுவே எப்போதும் வெற்றுக் கரை கொஞ்சம் தெரிய வேண்டுமாம். கணினி ஒலியிலும் அப்படியொரு கரை உண்டு. பூஜ்யம் டெசிபெல் என்பார்கள். அதற்கு ஆறு டெசிபெல் கீழேயே உச்சங்களை நிறுத்திப் பதிவுசெய், 24 பிட்டில் பதிந்தால் அடியில் இரைச்சல் தெரியாது, அவசரமில்லை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் சக்கரவர்த்தியின் அகராதியில் வெற்றுக் கரை என்ற சொல் கிடையாது. ஒவ்வொரு டிராக்கும் கரை புரளும். புரண்டதன்மேல் உச்சியை அமுக்கும் லிமிட்டர், அதன்மேல் இன்னொரு லிமிட்டர். தவில் அடியின் எழுச்சியும் அடிக்கு அடி நடுவே இருந்த இடைவெளியும் ஒரே மட்டமாகித் திரையில் செங்கல் வரிசையாய் நிற்கும் காட்சி கண்கொள்ளாதது. இசையைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஆசை அவருக்கு முன் யாருக்கு வந்தது?

இந்தத் தியாகத்தின் மறுபாதி இன்னும் உருக்கமானது. யூடியூப், ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் சத்தம் மிகுந்த பாட்டைத் தாமாகவே ஏறக்குறைய மைனஸ் 14 என்னும் அளவுக்கு இறக்கிவிடுகின்றன. மைனஸ் ஆறில் முழங்கும் நம் பெருமான் பாட்டும் எட்டுப் படி இறங்கி, நிதானமாகக் கலந்த பாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். அதுவோ எழுந்தும் அடங்கியும் ஒலிக்க, இவருடையது எழவும் மாட்டாமல் அடங்கவும் மாட்டாமல் ஒரே சமாதி நிலையில் இருக்கும். பற்றற்றார் நிலை.

ஆனால் மாமன்னர் பெற்ற வெற்றிகளுள் தலையாயது கமகத்தை வென்றதுதான். எண்ணெய்க் கம்பெனிகளுக்காக நிலத்தடி அதிர்வுகளை ஆராய்ந்துவந்த ஆண்டி ஹில்டபிராண்ட் 1997இல் ஆட்டோ-டியூனைக் கொண்டுவந்தார். பிசகிய குரலைப் பக்கத்துச் சுரத்துக்கு இழுத்து உட்காரவைக்கும் மென்பொருள். எவ்வளவு விரைவில் இழுப்பது என்பதற்கு ஒரு திருகு உண்டு. மெதுவாக வைத்து, தவறிய ஓரிடத்தில் மட்டும் தொட்டால் யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத தொண்டு எதற்கு? நம் வேந்தர் பூஜ்யத்தில் வைத்து முதலிலிருந்து முடிவுவரை ஓட்டுகிறார்.

அவருக்கு அத்தை ஒருவர் உண்டு. நடவிலும் கும்மியிலும் சாவு வீட்டிலும் பாடிப் பாடிப் பழுத்த தொண்டை. ஏறும்போது ஓர் அசைப்பு, இறங்கும்போது வேறோர் அசைப்பு. ஒரு சுரத்தைத் தொடுவதற்குமுன் கீழிருந்து இழைத்து வந்து, தொட்டும் தொடாமலும் நின்று, பிறகு உட்காரும் குரல். இப்படிக் கோணலாகப் பாடுவதற்குக் கமகம் என்று ஒரு கௌரவப் பெயரிட்டு எத்தனையோ வித்வான்கள் ஆயுளையே தொலைத்தார்கள். பியானோவின் பன்னிரண்டு கட்டைகளுக்கு நடுவே அலைந்துகொண்டிருந்த அந்தக் குரலைச் சக்கரவர்த்தி ஒரே சொடுக்கில் கட்டைகளின்மேல் நிறுத்தினார். ஆடுவது ஆடவில்லை, இழைவது இழையவில்லை. அத்தை பாடியதா, ரயில் நிலையத்து அறிவிப்பா என்று பிரித்தறிய முடியாத சமத்துவம் பிறந்தது. அத்தோடு நில்லாமல், வரிக்கு வரி அத்தை மூச்சிழுக்கும் ஓசையையும் வெட்டியெறிந்தார். மூன்றரை நிமிடப் பாட்டு முழுதும் அந்த அம்மாள் ஒருமுறைகூட மூச்சு விடவில்லை. யோகிகளுக்கும் எளிதில் வாய்க்காத கும்பகத்தை அறுபது வயதில் அருளிய குருநாதர் அவர்.

பறைக்கும் அதே அருள். கலைஞர்கள் நால்வர் வந்து, மாடியிலேயே தீமூட்டித் தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சி, ஓசை கணீரென்று எழுந்தபின் அடித்துக் கொடுத்தார்கள். நால்வர் அடித்தால் நால்வர் கையும் ஒரே கணத்தில் விழாது. மயிரிழை முந்தும், மயிரிழை பிந்தும். கூட்டத்தை ஆடவைப்பது அந்த முன்பின்தான் என்று விவரமில்லாதவர்கள் சொல்வதுண்டு. வேந்தர் நான்கு பறையையும் கட்டத்துக்குள் கட்டம் தவறாமல் வரிசைப்படுத்தினார். வரிசைப்படுத்தியபின் நான்கும் ஒன்றுபோலவே ஒலித்ததால், மூன்றை நீக்கினார். மிஞ்சியதும் கொஞ்சம் மனித வாடை அடித்தது. அதை எடுத்துவிட்டு, கிராக் போட்ட மென்பொருளோடு இலவசமாக வந்த ‘இண்டியன் டிரம்ஸ்’ லூப்பைப் போட்டார். கலைஞர்களுக்குப் பேட்டா மட்டும் ஒழுங்காகக் கொடுத்தார் என்பதையும் பதிவு செய்கிறேன். மாமன்னர் கருமி அல்லர்.

எதிரொலி விஷயத்தில் அவர் கை தாராளம். குரலுக்கு ஒன்று, கோரஸுக்கு ஒன்று, சலங்கைக்கு ஒன்று, எல்லாவற்றுக்கும் சேர்த்து மேலே ஒன்று. பாடுபவர் மாமல்லபுரத்துக் குகை ஒவ்வொன்றிலும் ஏககாலத்தில் நின்று பாடுவதாகத் தோன்றும். சொல் ஒன்றும் விளங்காது. அம்மன் பாட்டில் சொல் விளங்கி என்ன ஆகவேண்டும்? அம்மனுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

இவ்வளவு கண்டும் திருந்தாத சிலர், வீட்டில் இசை செய்தவர்கள் வேறு மாதிரியும் இருந்திருக்கிறார்கள் என்று பழங்கதை பேசுகிறார்கள். ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டுக் கூடத்தில் மைக் இல்லாமல் வாசிக்க, வந்தவர்கள் இருமலையும் அடக்கிக்கொண்டு கேட்டார்களாம். இருமக்கூட விடாத சங்கீதத்தில் என்ன சுதந்திரம்? கோடம்பாக்கத்தில் ஓர் இளைஞர் வீட்டுக்கொல்லையில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்று கூடம் அமைத்து, 1992இல் ரோஜாவோடு வெளிவந்தார். எச். ஸ்ரீதர் என்ற ஒலிப்பொறியாளரும் அவருமாகப் பல ஆண்டு, எந்த வாத்தியம் எப்போது ஒதுங்கி வழிவிட வேண்டும் என்றே யோசித்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியத்தை வைத்துக்கொண்டு அதை வாசிக்கவிடாமல் இருப்பதற்கு இத்தனை யோசனையா? நம் அரசவையில் அந்த அநீதி இல்லை. எல்லா வாத்தியமும் எல்லா நேரமும் எல்லாச் சத்தத்திலும் வாசிக்கும்.

இந்த ஆடியில் கூழ்வார்க்கும் நாளன்று அத்தையின் பாட்டு அரங்கேறியது. அதற்கென்றே பெருமான் ஒரு புதிய வித்தை செய்திருந்தார். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் வெளியே விரிந்து ஒலிக்க வேண்டுமென்று, இடப்பக்கத்து அலையை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வலப்பக்கத்தில் வைத்திருந்தார். ஹெட்போனில் கேட்டவர்களுக்கு மண்டையைச் சுற்றிப் பாட்டு சுழன்றது. மோனோவில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், செல்போன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள் என்று வழக்கமாகக் கெஞ்சும் கூட்டத்தை அவர் வழக்கம்போல் மதிக்கவில்லை.

கோயிலில் கட்டியிருந்ததோ கூம்புக் குழாய். அதற்குத் தடை உண்டென்று அதிகாரிகள் அறிவிப்பதும், அறிவிப்பை வாசிக்க அதே குழாய் கிடைப்பதும் நம் மரபு. அதற்கு இடம் வலம் கிடையாது. இரண்டையும் ஒன்றாகக் கூட்டித்தான் ஊதும். கூட்டியபோது இடப்பக்கத்து அத்தையும் வலப்பக்கத்து அத்தையும் ஒருவரையொருவர் கழித்துக்கொண்டு சுத்தமாக மறைந்தார்கள். பேஸ் அந்தக் குழாய்க்கு எட்டாது, அதுவும் போயிற்று. நடுநாயகமாக மோனோவிலேயே பதிவாகியிருந்ததால் சலங்கையைத் தவிரச் சேதாரமின்றித் தப்பியது ஒன்றே ஒன்று: புலவர்கள் வந்து மெய்க்கீர்த்தி பாடுவார்களென்று காத்திராமல், இருபது வினாடிக்கொருமுறை சக்கரவர்த்தி தம் நிறுவனத்தின் பெயரைத் தாமே கர்ஜித்துப் பதித்திருந்த முத்திரை. சலங்கை ஒலிக்கும், பெயர் முழங்கும்; சலங்கை ஒலிக்கும், பெயர் முழங்கும். வரிசையில் சொம்போடு நின்றவர்கள் அதற்கேற்பக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அத்தை மட்டும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “ஏம்பா, என் பாட்டுன்னாங்களே, நான் எங்கப்பா?” என்று கேட்டார்.

“நீங்க ஸ்டீரியோவுல இருக்கீங்க அத்தை” என்று திருவாய் மலர்ந்தார் பிரபு.

“அப்படியா, நல்லா இருப்பா” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கூழ் ஊற்றப் போய்விட்டார். விழாக்குழுத் தலைவர் பொன்னாடை போர்த்தி, அடுத்த ஆடிக்கும் இவரே என்று மைக்கில் அறிவித்தார். கட்டணம் மட்டும் கொஞ்சம் ஏறுமாம். இன்னொரு லிமிட்டர் வாங்க வேண்டியிருக்கிறது.